விருந்தும் வெள்ளியும்

நம் தோட்டப்புறங்களில் மான உணர்ச்சி மிக்க அன்பர் சிலர் ஒரு கொள்கையைக் கடைப்பிடித்து வருகின்றனர். சிங்கப்பூருக்குச் செல்ல நேர்ந்தால் அங்குள்ள சிநேகிதர் வீட்டில் தங்கலாகாது. தங்க நேரினும் ஒரு வேளைக்கு மேல் உண்ணலாகாது. திருப்பிச் செய்ய இயலாத உபசாரத்தை ஏற்பது இரத்தலுக்குச் சமம் என்பதே அக்கொள்கை. இதனைச் சொல்வோர் வீம்புக்காரர் அல்லர். பிறர் பொருளில் ஒரு காசும் விரும்பாதவர்களே இவ்வாறு சொல்கின்றனர். ஆதலின் இதனை வறட்டுக் கௌரவம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. சனிக்கிழமை புறப்பட்டு ஞாயிறு இரவு வீடு திரும்பும் ஒரு சிறு பயணத்தில் இத்துணை ஆராய்ச்சிக்கு இடமேது என்று வினவுவாரும் உளர். இடமுண்டு. ஒருவன் தன் மதிப்பை இழவாமல் பிறனிடமிருந்து எவ்வளவு பெற்றுக்கொள்ளலாம்? கொடுப்பவன் முதலாளியோ துரையோ ஆயின் விடை எளிது. அவன் நம்மோடு ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சியில் அமர்ந்து படித்தவனாயிருந்தால் என் செய்வது?

சிங்கப்பூர் எக்காலத்தும் நமக்கு அயல்நாடாக இருந்ததன்று. 1924-ம் ஆண்டில் ஜோகூர்ப் பாலம் முறைப்படி திறக்கப்பட்ட பின், சிலாங்கூர்த் தோட்டமொன்றில் அண்ணன் பால்மரம் வெட்டுவதும், தம்பி சிங்கப்பூர்த் துறைமுகத்திலோ செம்பவாங் கடற்படைத் தளத்திலோ வேலை பார்ப்பதும் நம்மவர் குடும்பங்களில் சாதாரணமாயின. 1935-ம் ஆண்டில் கோ. சாரங்கபாணியார் சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு' அங்கே அச்சாகி இங்கே தோட்டங்களில் படிக்கப்பட்டது. அந்நகரத்துச் செய்தியை அயலூர்ச் செய்தியாக நம் முன்னோர் கருதியதில்லை. 1965-ம் ஆண்டு ஆகஸ்ட் 9-ந் தேதி சிங்கப்பூர் மலேசியாவினின்று பிரிந்தது. அன்றும் ஒரே நாளில் யாரும் அந்நியராகிவிடவில்லை. 1967-ம் ஆண்டில்தான் பாலத்தில் கடவுச்சீட்டுச் சோதனை வந்தது. இரு நாட்டு நாணயங்களும் 1973-ம் ஆண்டுவரை ஒன்றுக்கொன்று சமமாக மாற்றிக்கொள்ளப்பட்டன. அவ்வாண்டு மே மாதத்தில் அவ்வேற்பாடு முடிவுற்றது. அதன்பின் இரண்டும் தத்தம் வழியே சென்றன. இன்று அவர்கள் வெள்ளி ஒன்றுக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கின்றது.

நேயர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். ரிங்கிட்டையும் நாம் வெள்ளி என்கின்றோம். சிங்கப்பூர் டாலரையும் வெள்ளி என்கின்றோம். அங்குள்ள தமிழரும் அவ்வாறே வழங்குகின்றனர். பிரிவினை நம் மொழியில் ஏறவில்லை போலும்! நாக்கு ஒன்றென்று சொல்வதைப் பணமாற்றுக் கடைக்காரர் மூன்றென்று சொல்கின்றார். நண்பர் இருவர்க்கிடையே வந்து புகுந்துள்ள சங்கடம் முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றது.

கோலசிலாங்கூரிலோ, புக்கிட் ரோத்தானிலோ, முன்னர்ப் பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கிய பெஸ்தாரி ஜெயாவிலோ வாழும் ஒருவர் சிங்கப்பூர் செல்வதாயின், முதலில் கோலாலம்பூர் சென்று, அங்கிருந்து பேருந்தேறி ஏறக்குறைய 350 கிலோமீட்டர் கடந்து, பாலத்தின் இரு தலைப்பிலும் வரிசையில் நின்று போய்ச் சேர வேண்டும். கையில் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலமும் முருங்கைக்காய்க் கட்டும் இருக்கும். இந்நாட்டில் 2025-ம் ஆண்டு பிப்ரவரி முதல் சட்டம் விதித்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதனை மாற்றினால் சிங்கப்பூர் வெள்ளி ஐந்நூற்றைச் சற்றே தாண்டும். அங்கே நடுத்தரமான விடுதியொன்றில் மூன்று நான்கு இரவுகள் தங்கினால் அத்தொகை தீர்ந்துவிடும். ஆகவே, 'சிநேகிதன் வீட்டில் தங்காதே, விடுதியில் தங்கு' என்னும் அறிவுரை, நடைமுறையில், 'சிநேகிதனைப் பார்க்கவே போகாதே' என்னும் அறிவுரையாக முடிகின்றது. மானத்தைக் காப்பதாகச் சொல்லும் கொள்கை நட்பைப் பட்டினி போட்டுக் கொல்லுமாயின் அக்கொள்கையைச் சிறிது நிறுத்திக் கேள்வி கேட்பது நம் கடமையாகின்றது.

உணவு மேசையில் நிகழ்வதைப் பார்ப்போம். சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் நண்பர் இருவரும் குடும்பத்தோடு உண்கின்றனர். விலைச்சீட்டு வருகின்றது. இரண்டு கைகள் நீள்கின்றன. ஊர்க்காரர் கை வென்றுவிடுகின்றது. நம்மவர் அதற்குமுன்பே ஒவ்வொரு பண்டத்தின் விலையையும் மூன்றால் பெருக்கிப் பார்த்துவிட்டார். மூன்றால் பெருக்கிக்கொண்டே உண்பவனுக்குத் தோசையின் ருசி தெரிவதில்லை. அவர் முகத்தைக் கண்ட நண்பர் மறுநாள் விலை குறைந்த கடைக்கு அழைத்துச் செல்கின்றார். அதைக் கண்டு இவர் மேலும் சுருங்குகின்றார். இருவரும் நல்லவர்கள். இருவர்க்கும் உணவு செரிக்கவில்லை.

இங்கே கணக்கில் ஒரு பிழை இருக்கின்றது. கணக்கெழுதிப் பிழைக்கும் தொழிலினராகிய நமக்கு அது கண்ணில் படாமற் போகாது. சிங்கப்பூரில் உழைப்பவர் வெள்ளியில் சம்பாதித்து அதே வெள்ளியில் செலவிடுகின்றார். அரசாங்கக் கழகத்து அடுக்குமாடி வீட்டிற்கு அவர் செலுத்தும் மாதக் கடனும், பிள்ளையின் தனிவகுப்புக் கட்டணமும் அதே வெள்ளியில்தான். அவர் செலவிட்ட பத்து வெள்ளி, அவர் வாழ்வில், நம் வாழ்வில் பத்து வெள்ளி எந்த இடத்தில் நிற்கின்றதோ ஏறக்குறைய அந்த இடத்திலேயே நிற்கின்றது. அவர் கொடுத்தது பத்து. நாம் பெற்றதாக எழுதிக்கொண்டது முப்பது. மிகுதி இருபது எவர் பையிலிருந்தும் வரவில்லை. பணமாற்றுக் கடையின் பலகையிலிருந்து வந்தது. கொடுக்காத கடனை வாங்கியதாகப் பற்றெழுதி, அதற்காக நாணித் தலைகுனிவது என்ன நியாயம்?

ஆயின் அதே பலகை எதிர்த்திசையிலும் வேலை செய்கின்றது. அந்நண்பர் ஒரு விடுமுறையில் கோலசிலாங்கூர் வருகின்றார். பாசிர் பெனாம்பாங்கில் ஆற்றங்கரைக் கடையொன்றில் மீனும் நண்டும் உண்கின்றோம். அவர் விலைச்சீட்டைப் பார்த்து மூன்றால் வகுத்துச் சிரிக்கின்றார். "இவ்வளவுதானா!" என்று நம் கையைத் தட்டிவிட்டுத் தாமே கொடுத்துவிடுகின்றார். தீங்கு நினைத்துச் செய்தாரல்லர். சிக்கனமான ஊருக்கு வந்த மகிழ்ச்சியில் செய்தார். எனினும் நம்மிடம் கேட்டால், சிங்கப்பூரில் அவர் நமக்கு இட்ட பத்து விருந்தும் நம் மானத்தைத் தொடவில்லை. நம் ஊரில் அவர் கொடுத்த இந்த ஒரு விலைதான் தொட்டது என்போம். ஏன் இப்படி? பொருளளவு நோக்கின் இது சிறிது, அது பெரிதல்லவா?

இதற்கு விடை காண வேண்டுமாயின் சுயமரியாதை என்னும் சொல் நம்மிடையே எவ்வாறு வேரூன்றிற்று என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1929-ம் ஆண்டு இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து சுற்றுப்பயணம் செய்தார். தமிழ்நாட்டிலும் இங்கும் சீர்திருத்தக்காரர் வலியுறுத்தியவற்றுள் சமபந்தி போஜனம் ஒன்று. பசித்தவனுக்குச் சோறு கிடைக்கவேண்டும் என்பதற்காக எழுந்த இயக்கமன்று அது. சோறு போடுவதற்கு மேல்சாதியார் என்றும் மறுத்ததில்லை. திண்ணையில் இலை போட்டு வயிறாரப் படைத்தவர்கள் உண்டு. அவர்கள் மறுத்தது ஒன்றே: கீழ்ச்சாதியான் என்று தாம் கருதியவன் வீட்டில் ஒரு மிடறு தண்ணீர் வாங்கிக் குடிக்க மறுத்தார்கள். கொடுத்தலால் அன்று, கொள்ள மறுத்தலால் அவர்கள் உயர்ந்து நின்றார்கள். சாதியின் முழு இரகசியமும் இதிலிருக்கின்றது. எவன் எல்லாருக்கும் கொடுத்து எவரிடத்தும் பெறாதிருக்கின்றானோ அவனே மேலே இருக்கின்றான்.

இதனை வைத்துப் பார்த்தால், மேற்படி கொள்கையுடைய நம் அன்பர்கள் எந்த ஆயுதத்தைக் கையிலெடுத்திருக்கின்றனர் என்பது விளங்கும். கொள்ள மறுத்தல் என்னும் அப்பழைய ஆயுதத்தையே, தம்மைக் காத்துக்கொள்ள எண்ணி, தம் சிநேகிதன் மேல் பிரயோகிக்கின்றனர். பாசிர் பெனாம்பாங்கில் நம் விலைச்சீட்டைப் பிடுங்கிக்கொண்ட நண்பரும், அறியாமலே, அதனையே செய்தார். பெருந்தொகை கொடுத்தவராக அவர் நம்மைப் புண்படுத்தவில்லை. விருந்தினராக இருக்க மறுத்தவராகவே புண்படுத்தினார்.

மேலைநாட்டுப் பழங்கதையொன்று இவ்விடத்தில் நினைவிற்கு வருகின்றது. கிரேக்கப் பெருங்கவி ஹோமரின் இலியத் காவியத்து ஆறாம் பகுதியில், போர்க்களத்தின் நடுவே எதிரெதிர்ப் படையினராகிய தியொமீதும் கிளாக்கசும் சந்திக்கின்றனர். குலம் விசாரிக்கையில், தியொமீதின் பாட்டன் கிளாக்கசின் பாட்டனைத் தன் வீட்டில் இருபது நாள் வைத்து விருந்தோம்பியவன் என்பது தெரியவருகின்றது. உடனே தியொமீது ஈட்டியை மண்ணில் குத்தி நிறுத்திவிட்டு, என் ஊரில் நீ எனக்கு விருந்தினன், உன் ஊரில் நான் உனக்கு விருந்தினன் என்ற கருத்துப்படப் பேசுகின்றான். இருவரும் கவசங்களை மாற்றிக்கொள்கின்றனர். கிளாக்கசு கொடுத்தது நூறு எருது பெறும் பொற்கவசம். பெற்றதோ ஒன்பது எருது பெறும் வெண்கலக் கவசம். தேவன் கிளாக்கசின் அறிவைப் பறித்துக்கொண்டான் என்று கவி குறிப்பிடுகின்றார். அந்த ஓர் இடத்தில் பெருங்கவியும் கிராணியாகிவிட்டார் என்று நமக்குத் தோன்றுகின்றது! எருதுகளை எண்ணியவர் கவியே. வீரர் இருவரும் எண்ணவில்லை. அவர்கள் உறுதி செய்துகொண்டது கவசத்தின் விலையை அன்று, விருந்தின் முறையை: உன் ஊரில் நான், என் ஊரில் நீ.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-ம் ஆண்டில் கொடையைப் பற்றி வெளியிட்ட ஆராய்ச்சியிலும் இக்கருத்து வேறொரு வகையில் வருகின்றது. பல்வேறு மக்களின் வழக்கங்களை ஆராய்ந்த அவர், கொடுத்தல், பெறுதல், திருப்பிச் செய்தல் ஆகிய மூன்றுமே கடமைகள் என்று கண்டார். பெறுதலையும் அவர் கடமையாக எண்ணியது கவனிக்கத்தக்கது. நம் அன்பர்கள் மூன்றாவதைச் செய்ய இயலாதென அஞ்சி இரண்டாவதை விட்டுவிடுகின்றனர்.

பாலத்தைக் கடக்கும்பொழுது எல்லை அதிகாரி நமக்குத் தருவது யாது என்பதும் சிந்திக்கத்தக்கது. ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட், நிலையான சமாதானத்தைக் குறித்து 1795-ம் ஆண்டில் எழுதிய நூலில், அயலான் ஒருவனுக்கு இயல்பாக உள்ளது வந்து காணும் உரிமை மட்டுமே என்றும், விருந்தினனாய்த் தங்கும் உரிமைக்குத் தனியாக ஓர் இசைவு வேண்டும் என்றும் பிரித்துரைத்தார். நமக்கு இப்பாகுபாடு ஏட்டில் உள்ளதாகத் தோன்றவில்லை. உட்லண்ட்ஸ் சாவடி நம்மை உள்ளே விடுகின்றது, அவ்வளவே. அதற்கப்பால் இரவு பத்து மணிக்குக் கதவைத் திறந்து, தம் படுக்கையறையை ஒழித்துக் கொடுத்துத் தாம் கூடத்தில் பாய் விரித்துக்கொள்பவர் ஒருவர் இருந்தாலன்றி, நாம் அந்நகரில் வெறும் வந்துபோவோரே. நாட்டார் இருவராய்ப் போனவர்களை விருந்தினராக்கும் வல்லமை எந்த அரசாங்கத்துக்கும் இல்லை.

நம் நூல்களில் இரு நாடுகளுக்கிடையே நிகழ்ந்த நட்பென்றால் கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் நட்பையே முதலில் சொல்ல வேண்டும். சோழன் இருந்தது உறையூர். ஆந்தையார் ஊராகிய பிசிர் பாண்டிநாட்டில் உள்ளது. ஒருவரையொருவர் கண்டதில்லை. நேரிற் பழகாமலே உணர்ச்சியொப்புமையால் நட்பு உண்டாகும் என்னும் குறளுக்கு உரையெழுதிய பரிமேலழகரும் இவ்விருவரையே எடுத்துக்காட்டினார். பாரதிதாசனாரும் இவர் கதையை நாடகமாக்கினார். அவர் மறைந்தபின் 1969-ம் ஆண்டில் அந்நூலுக்குச் சாகித்திய அகாதமிப் பரிசு கிடைத்தது. மக்களோடு மாறுபட்டு வடக்கிருக்கத் துணிந்த சோழன், தன்னருகே ஆந்தையார்க்கும் ஓர் இடம் ஒழித்து வைக்கச் சொன்னான். அவர் வருவாரோ என்று அருகிலிருந்தோர் ஐயுற்றனர். அவர் வந்து அவ்விடத்தில் அமர்ந்தார். அங்கே விருந்தென்று சொல்ல ஒரு பிடி சோறும் இல்லை. பட்டினி கிடப்பவன் என்ன விருந்திடுவான்? இருந்தது ஓர் இடம் மட்டுமே. அவ்விடத்தின் விலையை எந்த நாணயத்தில் மாற்றுவது?

இனி, விருந்தைப் புகழும் பேச்சில் வழக்கமாக மறைக்கப்படும் ஒரு செய்தியைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. நண்பர் இருவரும் கூடத்தில் பழங்கதை பேசிக்கொண்டிருக்க, அடுப்படியில் நிற்பவர் யார்? திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரம் இல்லறவியலில் இருக்கின்றது. அதன் பத்துக் குறளிலும் சமைப்பவர் கையைப் பற்றிய பேச்சில்லை. சிங்கப்பூரில் கணவனும் மனைவியும் இருவருமே வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் பல. வாரம் முழுதும் அலுவலகத்தில் உழைத்த அம்மையார்க்கு உரியவை சனி ஞாயிறு இரண்டே நாள். அவ்விரண்டையும் நாம் மூட்டை முடிச்சுடன் சென்று எடுத்துக்கொள்கின்றோம். நம் நட்பு அவள் கணவனோடு. நம் உணவு அவள் உழைப்பில். சில வீடுகளில் அவ்வேலை இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்த பணிப்பெண் தலையில் விழுகின்றது. பணிப்பெண்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று சிங்கப்பூர் அரசாங்கம் 2013-ம் ஆண்டு முதல் விதித்தது. ஆயின் இருவரும் உடன்பட்டால் ஓய்வுக்குப் பதிலாகக் கூலி கொடுத்துவிடலாம். 2023-ம் ஆண்டு முதல் மாதத்தில் ஒரு நாளையேனும் கூலிக்கு மாற்றலாகாது என்று மேலும் கட்டளையிட்டது. நாம் போய் இறங்கும் ஞாயிறு அவளுடைய அந்த நாளாக இருந்தால்? அயலாள் ஒருத்தியின் ஓய்வை அயலார் இருவர் சேர்ந்து உண்பதற்கு நட்பு என்று பெயரிடுவதா?

நண்பனின் பணத்தைச் சிந்தித்து நாணுவோர் இதனைச் சிந்தித்து நாணினால் பயனுண்டு. நாணி என் செய்வது என்பீர்களாயின், சமையற்கட்டில் நுழைந்து பாத்திரம் கழுவலாம். ஒரு வேளை நாமே சமைக்கலாம். கொண்டுபோன கருவாட்டை நாமே பொரிக்கலாம். ஆண்பிள்ளை அடுப்படியில் நுழைவது நம்மிடையே இன்னும் பல வீடுகளில் வேடிக்கையாகக் கருதப்படுகின்றது. வேடிக்கை பார்ப்போர் பார்க்கட்டும்.

வேலை தேடவும், விமானம் ஏறவும், சாமான் வாங்கவும் மட்டும் சிநேகிதன் வீட்டுக் கதவைத் தட்டுவோரைப் பற்றி நாம் பேசவில்லை. அவர்களுக்கு இவ்வாராய்ச்சி தேவையில்லை. அவர்கள் ஒருபொழுதும் நாணியவர்கள் அல்லர்.

நாணுவோரிடமே நமக்கு ஒரு வார்த்தை இருக்கின்றது. சிங்கப்பூரில் உண்ண மறுக்கும் இவர்களுட் பலர் அந்நண்பரைத் தம் வீட்டிற்கு அழைப்பதுமில்லை. காரணம் கேட்டால், லயத்து வீட்டில் அவரை எங்கே உட்கார வைப்பது, குளிரூட்டியில்லாத அறையில் அவர் பிள்ளைகள் எப்படி உறங்கும், குளியலறை புறத்தே இருக்கின்றதே என்பர். நண்பர் ஊருக்கு வந்தால் விடுதியில் தங்கவைத்துக் கடையில் விருந்து வைக்கின்றனர். கடையென்றால் விலைச்சீட்டு வருகின்றது. விலைச்சீட்டு வந்தால் பழையபடி கைகள் நீள்கின்றன. வீட்டில் இட்ட சோற்றுக்கு எவரும் விலைச்சீட்டு நீட்டுவதில்லை. வீட்டில் பரிமாறிய சாம்பாரை எந்த நண்பரும் மூன்றால் வகுக்க முடியாது. அவர் பிறந்ததும் பெரும்பாலும் இத்தகைய லயமொன்றில்தானே? அங்கே உட்கார அவருக்குத் தெரியாதா? நம் வீடு தகாது என்று அவர் சொல்லுமுன் நாமே சொல்லிவிடுவது, அவரை மேலேற்றி நிறுத்திவிட்டு, அவர் மேலே நிற்கின்றார் என்று குறைகூறுவதாகும்.

வடசிலாங்கூர்த் தோட்டங்கள் நெடுங்காலம் இப்படியே இரா. 1917-ம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வியாபாரச் செம்பனைப் பயிர் தொடங்கப்பெற்ற இடம் பெஸ்தாரி ஜெயாவை அடுத்த தென்னமரம் தோட்டம், பெயரே தமிழ். பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடங்கள் சிலவற்றில் வீடமைப்பு வந்தது. நம்மவர் பட்டணம் நோக்கிப் போக, லயங்களில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் குடியேறினர். அவர்களையும் நாம் ஒரு வேளை சோற்றுக்கு அழைத்தோமில்லை என்பதை இங்கே சொல்லி வைக்கின்றோம். அது தனியே எழுத வேண்டிய விஷயம். சிங்கப்பூரில் பிறந்த நண்பரின் பிள்ளைகள், தம் பாட்டன் வெட்டிய மரம் எப்படியிருக்கும் என்று கண்டதில்லை. பாட்டன் குடியிருந்த லயத்தின் வாசற்படியில் அமர்ந்து உண்ணும் வாய்ப்பு இன்னும் எத்தனை ஆண்டுக்கோ!

ஆதலின் அடுத்த பள்ளி விடுமுறைக்கு அழைக்க எண்ணுவோர் இப்பொழுதே எழுதிவிடுக. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் நீண்ட விடுமுறை நவம்பர் இறுதி முதல் டிசம்பர் முடிய வருகின்றது; அது நம் பக்கத்தில் மழைக்காலமும் ஆகும். மழையில்லாத மாலையாயின் புக்கிட் மெலாவத்தியில் குரங்குகளைப் பார்த்துவிட்டு, வீட்டில் உண்டு, இருட்டியபின் கம்போங் குவாந்தானுக்கு அழைத்துச் செல்லலாம். ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் முன்போல் அடர்த்தியாக இல்லை. எனினும் இன்னும் இருக்கின்றன. துடுப்புப் படகொன்றில் நால்வருக்கே இடம். இரு குடும்பமாகச் சென்றால் இரண்டு படகு வேண்டும். அப்பொழுது குடும்பத்துக்கொரு படகென்று பிரியாமல், பிள்ளைகளைக் கலந்து ஏற்றுவது நலம். சீட்டை மட்டும், நண்பர் வண்டியை நிறுத்திவிட்டு வருமுன், நாம் முந்திச் சென்று வாங்கிவிட வேண்டும்.